நல்ல கேரம் பலகை எது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

கொங்கு நாட்டுக் கோயில் மண்டபங்களுக்குச் செல்வோர் தூண்களில் உள்ள சிற்பங்களைப் பார்ப்பர். தரையைப் பார்ப்போர் சிலரே. பல மண்டபங்களின் கல் தரையிலும் திண்ணையிலும் ஆடுபுலி ஆட்டத்தின் கட்டங்கள் கீறப்பட்டிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று சந்திகள். அந்தப் பலகைக்கு விலை கிடையாது. வெயிலிலும் மழையிலும் அது வளைந்ததும் கிடையாது. ஆனால் கல்லின் மேல் காயை நகர்த்தி வைக்கலாமே ஒழிய, சுண்டி ஓட விட முடியாது. காய் வழுக்கி ஓட வேண்டிய கேரம் ஆட்டத்துக்கு மரம்தான் வேண்டும். மரமோ, வெட்டி அறுத்து இழைத்த பின்பும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிற பொருள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இதையெல்லாம் ஒரு கட்டுரையாக எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். கேரம் ஆட்டத்துக்கு மைதானம் வேண்டாம், காலணி வேண்டாம், சீருடை வேண்டாம். ஒரு விளக்கும் ஒரு பலகையும் போதும். ஆகவேதான் அது ஏழை வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டாக இருந்து வருகிறது. அகில உலக கேரம் கூட்டமைப்பு 1988-இல் நம் சென்னையில்தான் தோன்றியது. இருமுறை உலக வாகை சூடி, 1996-இல் அர்ஜுனா விருது பெற்ற மரியா இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, சென்னையில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகள். இப்படிப்பட்ட ஆட்டத்தில் பலகை கெட்டால், ஆடுபவனின் கை பழுதாகிறது. கோணல் பலகையில் பழகிய கை, போட்டி மேடையில் உள்ள நேரான பலகைக்கு முன் திணறும். தவறு தன்னுடையது என்றே அந்தப் பையன் எண்ணிக்கொள்வான்.

நம் விடுதியில் சென்ற ஆண்டு மூத்த மாணவர்கள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் திரட்டி ஒரு பலகை வாங்கினார்கள். அந்த ஐம்பது ரூபாய் சிலருக்கு ஒரு வாரத் தேநீர்ச் செலவு. பலகை கண்ணாடிபோல் பளபளத்தது. கடைக்காரரும் அதைத்தான் காட்டி விற்றார். ஐப்பசி மழை முடிவதற்குள் அது தாம்பாளம்போல் குழிந்துவிட்டது. எந்த மூலையிலிருந்து சுண்டினாலும் காய்கள் நடுவுக்கே திரும்பி வந்தன. விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது எங்கள் ஊர் ஆசாரியிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். “மேல பளபளன்னு இருக்கறது சரிங்க தம்பி, குப்புறக் கவுத்துப் பாத்தாங்களா?” அந்தக் கேள்வியே இக்கட்டுரையின் கரு.

மரம் ஏன் வளைகிறது?

பச்சை மரத்தின் நார்களில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. நார்க்குழல்களின் உள்ளே தேங்கியிருப்பது ஒன்று, குழலின் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது மற்றொன்று. முதலாவது வெளியேறும்போது மரம் எடைதான் குறையும், அளவு மாறாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது சுவரிலுள்ள நீர் போகத் தொடங்குகிறது. அப்போதுதான் மரம் சுருங்குகிறது. மீண்டும் ஈரக் காற்றுப் பட்டால் உப்புகிறது. மழைக்காலத்தில் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொள்வது இதனால்தான்.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருந்தால் கவலையில்லை, பலகை சற்றுச் சிறுக்கும், அவ்வளவே. ஆனால் மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதே இல்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஓரளவு சுருங்கும். வளையங்களைச் சுற்றிய திசையில் அதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். நம் ஆனைமலைத் தேக்கு மரங்களிலேயே அடக்கமான மரம். மலை உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளைச் சறுக்கி இறக்கியதால் டாப்சிலிப் என்று ஓர் ஊருக்கே பெயர் வந்தது. அந்தத் தேக்குங்கூடப் பச்சையிலிருந்து முற்றிலும் உலரும்வரை ஒரு திசையில் சுமார் 2.5 சதவீதமும், மற்றத் திசையில் சுமார் 5.8 சதவீதமும் சுருங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வுதான் பலகையை முறுக்குகிறது. வளையமும் வைரமும் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கோவையிலேயே வழி இருக்கிறது. 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தில் பலவகை மரங்களின் மாதிரிகள் உள்ளன. தாவரவியல் மாணவர்கள் மட்டுமே அங்கே போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஜப்பானியர் இதே தொல்லையை வேறு வழியில் வென்றிருக்கிறார்கள். அங்கே ‘கோ’ என்றொரு பழமையான ஆட்டம். சீனத்தில் பிறந்தது. குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது கோடுகள், 361 சந்திகள், கறுப்பு வெள்ளைக் கற்கள். அதற்குச் சிறந்த பலகை ‘காயா’ என்னும் மரத்தில் செய்யப்படுவது. மிக மெதுவாக, நூற்றாண்டுக் கணக்கில் வளரும் மரம் அது. தடித்த ஒற்றைக் கட்டையாக அறுத்து, பல ஆண்டுகள் நிழலில் வைத்து ஆற விடுவார்கள். கட்டையை எப்படி அறுத்தார்கள் என்பதை வைத்தே விலை. வளையங்கள் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால், மேலே நேர்நேரான கோடுகளாக ரேகை தெரியும். மலிவான அறுப்பில் ரேகை மலைமுகடுபோல் வளைந்து வளைந்து தெரியும். நேர் ரேகைப் பலகை அகலவாக்கில் குறைவாகச் சுருங்கும், வளைவதும் குறைவு. பலகையின் அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. அது சதுரமன்று, சுமார் 42.4 செ.மீ. அகலமும் 45.5 செ.மீ. நீளமும் கொண்டது. உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்குச் சதுரமாகத் தோன்றவே இந்த நீட்சி.

அவ்வளவு காலமும் பணமும் நம்மிடம் இல்லை. தவிர 74 செ.மீ. சதுரத்தில் ஒற்றை மரத்தை மெல்லிய தகடாக அறுத்துப் போட்டால் அது அப்பளமாகிவிடும். ஆகவே கேரம் பலகைக்கு ப்ளைவுட் என்னும் ஒட்டுப்பலகையே ஏற்றது. மரத்தை மெல்லிய ஏடுகளாகச் சீவி, ஓர் ஏட்டின் ரேகை மறு ஏட்டுக்குக் குறுக்கே அமையும்படி ஒட்டுகிறார்கள். ஓர் ஏடு சுருங்க விரும்பும் திசையில் அடுத்த ஏடு சுருங்காது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. ஏடுகளின் எண்ணிக்கை பொதுவாக ஒற்றைப்படை. நடு ஏட்டுக்கு மேலும் கீழும் இழுப்புச் சமமாக இருந்தால்தான் பலகை நேராக நிற்கும் என்பதே காரணம்.

குழியின் வழியே பார்த்தல்

சட்டம் பொருத்திய பலகையில் இந்த ஏடுகளை எங்கே பார்ப்பது? விளிம்பை எல்லாம் சட்டம் மறைத்துவிடுகிறதே! அதற்கு வழியை ஆட்டமே தந்திருக்கிறது. நான்கு மூலைகளிலும் 4.45 செ.மீ. விட்டமுள்ள குழிகள் உள்ளனவல்லவா? வலையை ஒதுக்கிவிட்டுக் குழியின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். ஏடுகள் பட்டை பட்டையாகத் தெரியும். அவற்றை எண்ணுங்கள். இடையில் இருட்டுச் சந்து தெரிந்தால் உள்ளே ஏடு விட்டுப்போயிருக்கிறது. விளிம்பு பிசிறு பிசிறாக இருந்தால் உள் ஏடு மட்டமான மரம். தடிப்பையும் அங்கேயே அளந்துவிடலாம். போட்டி விதிகளின்படி 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கடைகளில் 4 மி.மீ. பலகையும் தாராளமாகக் கிடைக்கிறது, குழந்தைகளுக்கு அது போதும். ஆனால் ஒன்று நினைவிருக்கட்டும். பலகையின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடியைப் பொறுத்தது. 4 மி.மீ.யை 8 மி.மீ. ஆக்கினால் விறைப்பு இரு மடங்கன்று, எட்டு மடங்கு. 12 மி.மீ. ஆக்கினால் இருபத்தேழு மடங்கு. விலை அந்த அளவுக்கு ஏறுவதில்லை. ஆகவே கூடுதலாகக் கொஞ்சம் பணம் திரட்ட முடிந்தால், அதைப் பளபளப்புக்குக் கொடுப்பதைவிடத் தடிப்புக்குக் கொடுப்பது மேல்.

பிறகு பலகையைக் கவிழ்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் முகம் சுளிப்பர், பொருட்படுத்த வேண்டாம். அடிப்புறத்தில் மூன்று செய்திகளைக் காணலாம். அவற்றுள் முதன்மையானது பூச்சு. மேற்புறத்துக்கு வார்னிஷோ லாக்கரோ பூசிவிட்டு, கண்ணில் படாத அடிப்புறத்தை வெறுமையாக விட்டுவிடுவது வழக்கமான சிக்கனம். இதன் விளைவு என்ன? மழை நாளில் அடிப்புறம் மட்டும் ஈரம் குடித்து நீள்கிறது. மேற்புறம் அப்படியே இருக்கிறது. நீண்ட பக்கம் வெளிவளைவாகவும் நீளாத பக்கம் உள்வளைவாகவும் ஆவதால், நடுப்பகுதி கீழிறங்கிப் பலகை தாம்பாளமாகிறது. கோடையில் அடிப்புறம் வறண்டு சுருங்க, நடுப்பகுதி மேலெழுந்து கவிழ்த்த தட்டாகிறது. எங்கள் விடுதிப் பலகைக்கு நேர்ந்தது இதுவே. விரல் நுனியை நனைத்து அடிப்புறத்தில் ஓர் ஓரமாக ஒற்றிப் பாருங்கள். ஈரம் முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உடனே கறுத்து ஊறிவிட்டால் இல்லை. கடைக்காரர் அனுமதியோடு செய்வது நல்லது!

அடுத்தது ரீப்பர்கள். பலகையைத் தாங்கும் அந்தக் குறுக்குச் சட்டங்கள் பலகையோடு ஒட்டி நிற்கின்றனவா என்று ஒரு தாளைச் செருகிப் பார்த்தால் தெரியும். தாள் நுழைந்தால் அந்த இடத்தில் பலகை அந்தரத்தில் இருக்கிறது. மேற்புறத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தாலும் இதைக் கண்டுபிடிக்கலாம். தாங்கியுள்ள இடத்தில் ஒலி கணீரென்றும், அந்தரத்தில் பொத்தென்றும் கேட்கும். கடைசியாக, ப்ளைவுட்டின் முத்திரை. பொதுப் பயன்பாட்டு ப்ளைவுட்டுக்கு ஐ.எஸ். 303 என்னும் இந்தியத் தரம் உண்டு. அதில் ஈரம் தாங்கும் வகை, கொதிநீர் தாங்கும் வகை என இரண்டு. முத்திரை இல்லாவிட்டால் பலகை மோசம் என்று பொருளன்று. இருந்தால் ஒரு கவலை குறையும்.

நூலும் கோலிக்குண்டும்

இப்போது சமதளம். கண்ணால் பார்த்து ‘நேராத்தான் இருக்குது’ என்று சொல்வதில் பயனில்லை. ஒரே தடிப்புள்ள மூன்று கேரம் காய்களும் ஒரு மீட்டருக்கு மேல் தையல் நூலும் இருந்தால் போதும். எதிரெதிர் மூலைகளில் குழியை ஒட்டி இரண்டு காய்களை வைத்து, அவற்றின் மேல் நூலை இழுத்துப் பிடியுங்கள். மூன்றாவது காயை நடுவில் நூலின் அடியில் நகர்த்துங்கள். அது நூலை மெல்லத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். இடைவெளி தெரிந்தால் பள்ளம். நூலைத் தூக்கினால் மேடு. இரு மூலைவிட்டங்களிலும் இதைச் செய்ய வேண்டும். அப்படியே இரு மூலைவிட்டங்களின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஆடுதளம் 74 செ.மீ. சதுரமானால் ஒவ்வொன்றும் 104.65 செ.மீ. இருக்கும். இரண்டும் சமமில்லையென்றால் பலகை சதுரமன்று, சாய்சதுரம். சட்டத்தில் பட்டுத் திரும்பும் காய் ஒருபோதும் சொன்னபடி கேட்காது.

சிறிய பள்ளம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். முதலாண்டு இயற்பியல் பாடத்தைக் கொண்டே கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டில் நானே முதல் முதலாகக் கல்லூரிக்கு வந்தவன். உராய்வுக் குணகம் எதற்கு உதவும் என்று என் அம்மா கேட்டால் காட்டுவதற்கு இனி ஒரு கணக்கு இருக்கிறது. சட்டத்தோடு சேர்த்து 88 செ.மீ. நீளமுள்ள பலகையின் ஒரு பக்கத்தைப் புத்தகங்களை அடுக்கி மெல்ல உயர்த்துகிறோம் என்று கொள்வோம். காயை லேசாகத் தட்டிவிட்டால் அது வேகம் கூடாமல் குறையாமல் சீராக இறங்க வேண்டும். அந்த நிலை 10.5 செ.மீ. உயரத்தில் வந்தால் உராய்வுக் குணகம் 10.5-ஐ 88-ஆல் வகுக்க, ஏறக்குறைய 0.12. இனி நடுவில் 3 மி.மீ. பள்ளம் விழுந்த பலகையை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிய தடிப்புத்தான் அது. பலகை சீரான வில்லாக வளைந்திருந்தால் விளிம்பருகே சரிவு, பள்ளத்தைப் போல் நான்கு மடங்கை நீளத்தால் வகுத்தது. அதாவது 12-ஐ 740-ஆல் வகுக்க, 0.016. விளிம்பை நோக்கி ஏறும் காய்க்குத் தடை 0.136. நடுவை நோக்கி இறங்கும் காய்க்கு 0.104. ஒரே வேகத்தில் விட்டாலும் ஏற்றத்தில் 10 செ.மீ. ஓடி நிற்கும் காய், இறக்கத்தில் 13 செ.மீ. ஓடும். குழிக்கு ஒரு விரற்கடை முன்னே நின்றுபோன காய்களை எண்ணிப் பாருங்கள்!

கடையில் கணக்குப் போட நேரமிருக்காது. அங்கே ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டு போதும். நடுவட்டத்தில் அதை வைத்துக் கையை எடுங்கள். ஓடினால் உடனே பலகையைக் குறை சொல்ல வேண்டாம், மேசை சாய்ந்திருக்கலாம். பலகையைக் கால் சுற்றுத் திருப்பி மீண்டும் வையுங்கள். குண்டு கடையின் அதே சுவரை நோக்கி ஓடினால் குற்றம் மேசையினுடையது. பலகையின் அதே குழியை நோக்கி ஓடினால் குற்றம் பலகையினுடையது. கொத்தனாரின் ரசமட்டம்கூட இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்லாது.

சட்டமும் மேற்பரப்பும்

சட்டத்துக்கு ஈட்டி மரமே உயர்ந்தது என்று விதிநூல்களே பேசுகின்றன. கனமும் உறுதியும் உள்ள மரம், பட்ட காயைச் சோர்வில்லாமல் திருப்பித் தரும். ஆனால் ஈட்டி இன்று அரிதாகி, 2017 முதல் அந்த இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்துவிட்டது. கருவேல மரத்தில் செய்த சட்டமே நமக்குப் போதும். மரத்தின் பெயரைவிட அது உலர்ந்ததா என்பதே முக்கியம். 7 செ.மீ. அகலமுள்ள சட்டத்தில் ஈரம் 20 சதவீதத்திலிருந்து 10-க்கு இறங்கினால், தேக்கே ஆனாலும் அகலத்தில் ஒரு மி.மீ.க்கு மேல் குறைந்துவிடும். நீளமோ மாறாது. அதனால் 45 பாகைச் சாய்வில் சேர்த்த மூலை இணைப்பு உள்புறமாக வாய் பிளக்கும். நான்கு மூலைகளிலும் உள்பக்கத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். புட்டி வைத்து அடைத்திருந்தால் அது இன்னும் மோசமான சாட்சி.

மேற்பரப்புக்கு வருவோம். பெரும்பாலோர் இங்கேதான் தொடங்குகிறார்கள், இங்கேயே முடித்தும் விடுகிறார்கள். 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு வேகத்தில் அடித்தால் அது குறைந்தது மூன்றரைத் தடவை இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓட வேண்டும் என்பது விதி. கடையில் இந்தச் சோதனையைச் செய்து காட்டும்போது போரிக் பொடியை அள்ளித் தூவிவிடுவார்கள். பொடி பல குற்றங்களை மூடும். முதலில் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு சிட்டிகை மட்டும் தூவி அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு கைப்பேசி விளக்கைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். மேலிருந்து பார்க்கும்போது தெரியாத அலைகளும், முடிச்சை அடைத்த தழும்புகளும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். நடுவில் பெரிய வட்டம் 17 செ.மீ. விட்டம் இருக்கிறதா என்று ஓர் அளவுகோலால் பார்த்துவிட்டால், கோடு போட்டவர் அக்கறை உள்ளவரா என்பதும் விளங்கிவிடும்.

நம் ஊர்க் காற்று

விளையாட்டுப் பொருள்களுக்கு மீரட்டும் ஜலந்தரும் பெயர் பெற்றவை. அங்கிருந்து லாரியில் வரும் மரம் அந்த ஊர்க் காற்றுக்கேற்ற ஈரத்தோடு வருகிறது. சென்னையிலிருந்து வருவது கடற்காற்றின் ஈரத்தோடு வருகிறது. நம் கோவையின் காற்று தனி வகை. மாசி பங்குனியில் உதடு வெடிக்கும் வறட்சி. வைகாசி ஆனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே சீறி வரும் காற்று. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஓராண்டுக்குள் மரம் இத்தனையையும் பார்த்தாக வேண்டும். புதுப்பலகையை வாங்கி வந்ததும், நாலு பக்கமும் காற்றுப் படும்படி இரண்டு செங்கற்களின் மேல் படுக்க வைத்து இரண்டு வாரம் ஆற விடுவது நல்லது. அடிப்புறம் வெறுமையாக இருந்தால் அந்த நாட்களில் இரண்டு கை வார்னிஷ் அடித்துவிடலாம், செலவு சொற்பம். சுவரில் சாய்த்து வைப்பதும், ஒரு முகம் சுவரைப் பார்த்தபடி மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் கூடாது. ஈரத் துணியால் துடைப்பது அறவே கூடாது.

வாங்கும் மாதத்தைப் பற்றியும் ஒரு சொல். பங்குனி சித்திரையில் போனால் உலராத சட்டத்தின் வாய் பிளந்திருக்கும். கார்த்திகையில் போனால் பூச்சில்லாத பலகையின் குழிவு தெரியும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால், ‘புது லோடு நேத்துத்தான் வந்துதுங்க’ என்று கடைக்காரர் சொல்லும்போது, ‘பழசு ஏதாச்சும் கிடந்தா எடுங்கண்ணா’ என்று கேளுங்கள். பரணில் ஓராண்டு கிடந்த பலகை ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கடையிலேயே பார்த்து முடித்திருக்கும். தூசி தட்டி, நூல் பிடித்து, குண்டை உருட்டிப் பாருங்கள். தேறினால் பழைய சரக்கென்று விலையையும் குறைத்துக் கேட்கலாம்.